கறுப்புக் கார் ஃபோர்டு



போன மாதம் எங்கள் அப்பாவின் ஒர்க் ஷாப்புக்கு ஒரு தாத்தா புதுக் காரோடு வந்தார். வண்டியில் ஒரு ரிப்பேரும் இல்லை. ஏ.சி.யைக் குறைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்! திருகுவதற்குக் குமிழே இல்லை, எல்லாம் டி.வி. மாதிரி ஒரு திரைக்குள் இருக்கிறது. இதை யாரப்பா கேட்டாங்க என்று தாத்தா புலம்பினார். கார் செய்கிறவங்க நம்மளக் கேட்டா செய்றாங்க என்று அப்பா சிரித்தார்.

அது என் மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நம் பள்ளி நூலகத்தில் ஹென்றி ஃபோர்டு பற்றிப் படித்தபோதுதான் தெரிந்தது, இதே விஷயத்தில் ஜெயித்தவரும் அவர்தான், தோற்றவரும் அவர்தான் என்று. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1863 ஜூலை 30 அன்று ஃபோர்டு பிறந்தார். வயல் வேலை பிடிக்காது, இயந்திரம் என்றால் உயிர். 16 வயதில் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய்ப் பட்டறை வேலை கற்றார். பிறகு எடிசன் பெயரில் இருந்த மின்சாரக் கம்பெனியில் பொறியாளர் ஆனார். பகலில் அங்கே வேலை, ராத்திரியில் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சொந்த வண்டி.

1896 ஜூன் 4 விடியற்காலையில் வண்டி தயார். வெளியே தள்ளிப் பார்த்தால் கதவு சின்னது, வண்டி பெரிசு! மனுஷன் கோடரியை எடுத்துச் செங்கல் சுவரை இடித்துவிட்டார். (நாம் அளவு எடுக்காமல் செய்தால் கைத்தொழில் ஐயா சும்மா விடுவாரா?)

அதற்குப் பிறகு இரண்டு கம்பெனிகள் ஆரம்பித்தார், இரண்டும் அவருக்கு நிலைக்கவில்லை. முதல் கம்பெனி சுமார் 20 வண்டிகள் செய்ததோடு மூடப்பட்டது. மூன்றாவதுதான் 1903இல் தொடங்கிய ஃபோர்டு மோட்டார் கம்பெனி. அங்கேயும் சண்டை! கார் என்றால் பணக்காரர்களின் பொம்மை, விலை கூடிய காரைச் செய்தால்தான் லாபம் என்று பணம் போட்ட முக்கியமான கூட்டாளி நினைத்தார். ஃபோர்டுக்கு அதில் இஷ்டமில்லை. இரண்டாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள பெரிய காரும் வந்தது, அதில் நாலில் ஒரு பங்கு விலைக்குச் சின்னக் காரும் வந்தது. நன்றாக விற்றது சின்னக் கார்தான்.

ஃபோர்டு விவசாயி மகன் இல்லையா? கிராமத்து ரோடு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். 1908இல் 850 டாலருக்கு ‘மாடல் டி’ காரைக் கொண்டுவந்தார். சேற்றிலும் பள்ளத்திலும் அடி தட்டாமல் போக உயரமான உடம்பு, வனேடியம் கலந்த உறுதியான இரும்பு, வீட்டிலேயே பிரித்து மாட்டக்கூடிய எளிய இஞ்சின். விவசாயிகள் அதன் பின் சக்கரத்தில் பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள், தண்ணீர்கூட இறைத்தார்கள்! சும்மா சொல்லக்கூடாது, ஜனங்கள் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்தவர்.

1913இல் நகரும் வரிசையில் வைத்துக் காரைப் பூட்டும் முறை வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் எடுத்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அடுத்த வருஷமே தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர் வரை கொடுத்தார். விலை இறங்கி இறங்கி 1925இல் 260 டாலருக்கு ஒரு கார்! 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறக்குறைய பாதி ஃபோர்டுதான்.

இங்கேதான் கதை திரும்புகிறது. செலவு குறையட்டும் என்று 1914 முதல் எல்லாக் காருக்கும் கறுப்பு மட்டும்தான். கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். எதிர்ச்சுற்று சுற்றினால் கை ஒடியும். 1919இல்தான் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பெட்ரோல் தானாக வழிந்து இஞ்சினுக்கு வரும் அமைப்பு என்பதால், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் பின்னோக்கித்தான் ஏற வேண்டும். இதெல்லாம் முதல் கார் வாங்கியவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவது கார் வாங்க வந்தபோது தெரிந்தது. அவர்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கலர் கலராக, தவணை முறையில் கார் கொடுத்தது.

ஃபோர்டின் ஒரே மகன் எட்செல் 1919 முதல் கம்பெனித் தலைவர். பெயருக்குத்தான் தலைவர், முடிவு எல்லாம் அப்பாவுடையது. ஜனங்கள் மாறிட்டாங்க, அழகான கார் வேணும், நல்ல பிரேக் வேணும் என்று மகன் எவ்வளவோ சொன்னார். அப்பா கேட்கவில்லை. 1926இல் எட்செலின் சகலை கான்ஸ்லர் இதையே ஆறு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். சில மாதங்களில் அவருக்கு வேலை போயிற்று!

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. தன் சொந்தப் பத்திரிகையில் 1920 முதல் யூதர்கள் மேல் வெறுப்பை வளர்க்கும் கட்டுரைகளை ஃபோர்டு வெளியிட்டார். 1927இல் மன்னிப்புக் கேட்டார். ஆனால் பரவிய விஷத்தைத் திரும்ப அள்ள முடியுமா?

1927 மே 26 அன்று ஒன்றரைக் கோடியாவது மாடல் டி காரில் அப்பாவும் மகனும் ஒன்றாக ஏறி வெளியே வந்தார்கள். அதோடு அந்தக் காரை நிறுத்தினார்கள். புதுக் கார் தயாராகாததால் தொழிற்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. பல்லாயிரம் தொழிலாளிகள் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்தார்கள். பிடிவாதம் அப்பாவுடையது, பட்டினி அவர்களுடையது. எனக்கு இந்த இடத்தில்தான் அவர் மேல் கோபம் வந்தது.

டிசம்பரில் ‘மாடல் ஏ’ வந்தது. அதன் அழகு எட்செலின் கைவண்ணம், பல நிறங்களில் கிடைத்தது. பார்க்கவே கூட்டம் முண்டியடித்தது. அப்படியும் அப்பா பாடம் படிக்கவில்லை. மகன் கேட்ட ஹைட்ராலிக் பிரேக் 1939ஆம் வருஷத்துக் கார்களில்தான் வந்தது. எட்செல் 1943இல் 49 வயதில் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். தேதியைப் பாருங்கள், அதே மே 26. அப்பா 1947 ஏப்ரல் 7 அன்று காலமானார்.

1957இல் அந்தக் கம்பெனி ‘எட்செல்’ என்று மகன் பெயரிலேயே ஒரு கார் விட்டது. இந்தத் தடவை ஜனங்களிடம் வருஷக்கணக்கில் விசாரித்த பிறகுதான் செய்தார்கள். ஆனாலும் யாரும் வாங்கவில்லை! இரண்டே வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். கேட்காமல் செய்தும் ஜெயித்தார்கள், கேட்டுச் செய்தும் தோற்றார்கள் என்றால் என்ன கணக்கு இது? எனக்குப் புரியவில்லை. தெரிந்தவர்கள் அடுத்த தாளில் எழுதுங்கள்.

இதை எல்லாம் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே, தாத்தாவின் காரில் எதைத் தொட்டால் ஏ.சி. குறையும் என்று ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்.


– ஒரு மாணவன், பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு