யோசேவாஸ் முனிவரும் தேவநற்கருணையும்

ஆடித்தபசுத் திருவிழாவால் பெயர்பெற்ற சங்கரன்கோவில் எனது ஊர். அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் கத்தோலிக்கர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிக்கு நற்கருணை கொடுக்கக் குருவானவர் வருகின்றார் என்று அறிந்தால், வீட்டைப் பெருக்கித் தூய்மை செய்து, சிறு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபத்தை நடுவே வைத்து, இருபுறமும் மெழுகுதிரி ஏற்றிக் காத்திருப்பர். என் பாட்டியார் நற்கருணை வாங்கும் நாளில் நள்ளிரவுக்குப்பின் தண்ணீரும் அருந்துவதில்லை. திருச்சபை அந்த ஒருசந்தியை 1964-ஆம் ஆண்டிலேயே ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டது என்று நான் எடுத்துரைத்தும் அவர்கள் இசைந்திலர். யானோ, ஞாயிறுதோறும் பூசைக்குப் பிந்திச் சென்று, வாசற்படியில் நண்பரோடு பேசி நின்று, எழுந்தேற்ற மணி ஒலிக்கும்போது மட்டும் முழந்தாளிடும் கூட்டத்தைச் சேர்ந்தவன். பாட்டியாரின் பக்தியை முதுமையின் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தேன். யோசேவாஸ் முனிவரின் வரலாற்றைக் கற்ற பின்னரே அவ்வெண்ணம் மாறிற்று. அதனை நம் கல்லூரி அன்பர்க்கு இயன்றவரை சுருக்கி உரைக்கலுற்றேன்.

யோசேவாஸ் 1651-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள் கோவா நாட்டுப் பெனாலிம் என்னும் ஊரிற் பிறந்தார். தாய்மொழி கொங்கணி. பெற்றோர் பக்தி மிக்க கத்தோலிக்கர். கோவா நகரில் இலத்தீனும் தத்துவமும் வேதசாத்திரமும் பயின்று, 1676-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கடற்கரையிற் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேடிச் சென்று ஊழியம் புரிந்தார். பின்னர்க் கோவாவிற்கு மீண்டு, அர்ச். பிலிப்பு நேரியாரின் முறைமையைத் தழுவி நம் நாட்டுக் குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த ஒரத்தோரியர் சபையில் 1685-ஆம் ஆண்டிற் சேர்ந்து அதன் தலைவரும் ஆனார். ஆயினும் அவர் உள்ளம் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. இலங்கையிலிருந்து வந்த செய்தியே அதற்குக் காரணம்.

அச்செய்தி யாது? இலங்கைக் கடற்கரையைப் போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1656-இல் கொழும்பும், 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. இதனைச் சமயப் பகையென்று மட்டும் கொள்ளுதல் நேர்மையாகாது. குருமார் வாயிலாகப் போர்த்துக்கீசர் மீண்டும் நுழைவர் என்னும் அரசியல் அச்சமும் அதில் இருந்தது. போர்த்துக்கீசரும் தம் ஆட்சியில் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் முதலிய சைவ ஆலயங்களை இடித்தவரே. அரசர் செய்த பிழையின் சுமையை எளிய குடிகளே தாங்கினர்.

குருவின்றி ஒரு கிறிஸ்தவ ஊர் எவ்வாறு வாழும்? செபங்களைப் பெற்றோர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். செபமாலை சொல்லலாம். அவசரத்தில் ஞானஸ்நானமும் எவரும் கொடுக்கலாம். ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்கவும், அப்பத்தையும் இரசத்தையும் கர்த்தருடைய திருச்சரீரமும் திரு இரத்தமும் ஆகும்படி வசீகரம் செய்யவும் குருவானவர் ஒருவர்தாம் வேண்டும். ஆகவே ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அம்மக்களுக்குப் பூசை இல்லை. அக்காலத்திற் பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றோர் பலர், நற்கருணை என்பதைத் தாய் தந்தையர் வாயிலாகக் கேட்டறிந்தனரேயன்றிக் கண்டிலர். இதனைக் கேள்வியுற்ற யோசேவாஸ் தலைமைப் பதவியைத் துறந்து, 1686-ஆம் ஆண்டில் யோவான் என்னும் ஊழியனோடு கோவாவினின்றும் புறப்பட்டார்.

அவர் வந்தடைந்த துறை நம் தூத்துக்குடியே. அதுவும் அன்று ஒல்லாந்தர் கையில் இருந்தது. அங்கிருந்து 1687-ஆம் ஆண்டில் கூலியாளின் கோலத்தோடு, அங்கி களைந்து, வெறுங்காலராய்க் கப்பலேறினார். புயலில் அலைக்கப்பட்டு யாழ்ப்பாணம் சேர்ந்தபோது வயிற்றுக் கடுப்பு நோயால் நலிந்து தெருவோரத்தில் விழுந்து கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் கஞ்சி வார்த்து அவர் உயிரைக் காத்தாள் என்பர்.

நோய் நீங்கியபின் அவர் கைக்கொண்ட உபாயம் நினைவில் நிறுத்தற்குரியது. யார் கத்தோலிக்கர், யார் ஒற்றர் என்று அறியவொண்ணாத ஊரில், வாய்திறந்து கேட்டால் கேட்டவர்க்கும் சொன்னவர்க்கும் ஆபத்து. ஆதலின் கழுத்தில் செபமாலை அணிந்து, பிச்சைக்காரனைப் போல் வாயில்தோறும் நின்றார். பிச்சை இட்டவர் கண் எங்கே தங்குகிறது என்று நோக்கினார். செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவரிடம் மட்டும் நாளடைவில் தம்மைக் குருவென வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஒரு குருவைக் கண்ட அவ்வீட்டாரின் உள்ளம் எப்படியிருந்திருக்கும் என்பதை எழுத என் பேனாவுக்கு வன்மையில்லை.

யாழ்ப்பாணத்துச் சில்லாலை என்னும் ஊர் அவர்க்கு உறைவிடம் ஆயிற்று. பகலில் மறைந்திருப்பார். இரவில் நம்பிக்கைக்குரிய ஒருவர் வீட்டில் மக்கள் ஒருவர் ஒருவராய் வந்து கூடுவர். பாவசங்கீர்த்தனம் கேட்பார், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், விடியுமுன் பூசை நிறைவேற்றிச் சற்பிரசாதம் வழங்குவார். பூசைக்குக் கோதுமை அப்பமும் திராட்சரசமும் இன்றியமையாதவை. கோதுமை விளையாத அந்நாட்டில் அவற்றைத் தேடிப் போற்றுவதும் ஒரு தொல்லை. பொழுது புலர்வதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், பூசைக்குக் கூடியிருந்தோர்மேல் ஒல்லாந்தப் படைவீரர் பாய்ந்தனர். முனிவர் தப்பினார், மக்களிற் பலர் சிறைப்பட்டனர், ஒருவர் அடியுண்டு உயிர்நீத்தார். அவரைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவர்கள் தம்மைக் காத்துக்கொண்டிருக்கலாம். ஒரு பூசையின் விலை இன்னதென்று அவர்கள் அறிந்திருந்தனர்.

1690-இல் முனிவர் புத்தளம் சென்றார். 1692-இல் கண்டி நாட்டை அடைந்தார். அங்கே போர்த்துக்கீச ஒற்றர் என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் இடப்பட்டார். சிறையிலிருந்தே சிங்கள மொழியைக் கற்றார். காவல் தளர்ந்தபோது சிறு குடிசையொன்றைக் கோவிலாக அமைத்துப் பூசை செய்தார். கண்டியிலிருந்த கத்தோலிக்கர் அக்குடிசையை நாடி வந்தனர். பின்னொரு காலத்தில் மழை பொய்த்து நாடு வாடியபோது, அவர் வெளியிடத்தில் பீடம் அமைத்துச் சிலுவை நாட்டி வேண்ட, பெருமழை பெய்ததென்றும், அவரும் பீடமும் நனையாதிருந்தனரென்றும் அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். அதுமுதல் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியன் அவர்க்கு முழு உரிமை அளித்துப் பாதுகாத்தான். கிறிஸ்தவ அரசு துரத்திய குருவைப் பௌத்த அரசன் காத்தான் என்பதை நாம் நன்றியோடு நினைத்தல் வேண்டும்.

கோவாவிலிருந்து துணைக்குருக்கள் வந்துசேர்ந்தபின், 1697-ஆம் ஆண்டில் கண்டியில் வைசூரி பரவிற்று. உறவினர் தம் நோயாளிகளைக் காட்டில் விட்டு ஓடினர். யோசேவாஸ் தம் மருமகனாகிய கார்வாலியு குருவோடு அவர்களைத் தேடியெடுத்து, குடிசை கட்டிக் கிடத்தி, புண் கழுவி, உணவூட்டி, இறந்தவரை அடக்கம் செய்தார். அவர்களிற் பெரும்பாலோர் கிறிஸ்தவரல்லர். பீடத்தின்மேல் எந்தத் திருச்சரீரத்தைக் கையில் ஏந்தினாரோ, அதனையே புண்பட்ட உடல்களிலும் கண்டார் போலும். நற்கருணை வணக்கம் கோவிற் கதவோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் நான் அறியேன்.

இங்ஙனம் ஏறத்தாழ 24 ஆண்டுகள் இலங்கை முழுதும் கால்நடையாகச் சுற்றி, கோவாவை மீண்டும் காணாமலே, 1711-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் உயிர்நீத்தார். அதற்கு முந்திய ஆண்டிலேதான், பின்னர் நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றிய வீரமாமுனிவர் கோவாவில் வந்திறங்கினார். யோசேவாசுக்குத் துணையாக 1705-இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் குரு தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றி அப்பணியைத் தொடர்ந்தார். 1995-இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்பில் யோசேவாஸ் முனிவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தினார். அவரே இலங்கையின் முதல் அர்ச்சியசிஷ்டவர்.

அன்பர்களே, எளிதிற் கிடைப்பதை எளிதாக மதித்தல் மனித இயல்பு. நம் பங்குகளில் பகல் வெளிச்சத்தில், மணியடித்து, ஒலிபெருக்கி வைத்துப் பூசை நடைபெறுகின்றது. சில்லாலை மக்கள் இருளில் உயிரைப் பணயம் வைத்துத் தேடிச் சென்றதன் வாசற்படியில் நின்று நாம் வம்பு பேசுகின்றோம். கத்தோலிக்கரல்லாத தோழர்களும் இவ்வரலாற்றிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு: ஒரு சமூகம் எதனைப் புனிதமெனப் போற்றுகின்றதோ அதனை வன்மையாற் பறிக்க எந்த அரசாலும் இயலாது, அக்கறையின்மையால் இழக்க நம்மால் இயலும்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஞாயிறு காலை பாட்டியார் வழக்கம்போல் நாவை நனைக்காமல் கோவிலுக்குப் புறப்பட்டார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் கையைப் பற்றிக்கொண்டு, முதல் மணிக்கே உடன் சென்றேன்.