ஒரு பெட்டியில் ஏன் பாதி ஜன்னல் இல்லை?

லண்டன் சுரங்க ரயிலின் 1920களின் புகைப்படம் ஏதாவது கிடைத்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரயிலின் முதல் பெட்டியில் ஓட்டுநர் அறை இருக்கும். அதற்குப் பின்னால் உடனே பயணிகளின் ஜன்னல் வராது. கிட்டத்தட்ட பெட்டியின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு வெறும் தகடுதான் இருக்கும். அதில் காற்று போக மட்டும் சாய்வான பட்டைகள் வரிசையாக இருக்கும். ஜன்னல்கள் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

பழைய ரயில் மாடல் செய்கிறவர்களுக்கு இந்தப் பட்டைகள்தான் முதல் அடையாளம். பட்டை இருந்தால் மோட்டார் பெட்டி, இல்லாவிட்டால் மோட்டார் இல்லாத டிரெய்லர் பெட்டி. சரி, இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு உள்ளே என்னதான் இருந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஒரு மனுஷனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் ஃபிராங்க் ஜூலியன் ஸ்பிரேக். எலெக்ட்ரிகல் படிப்பவர்களில் கூடப் பாதிப் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

1857-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா தவறிவிட, வளர்த்தது ஆசிரியையாக இருந்த அத்தை. கணக்கில் கெட்டி. தரைப்படைப் பள்ளிக்குத் தேர்வு எழுதலாம் என்று போனவர், அங்கே நடந்தது கடற்படைத் தேர்வு என்று தெரிந்ததும் அதையே எழுதிப் பாஸ் ஆகிவிட்டார். (கவுன்சிலிங்கில் ஒரு பிரிவை நினைத்துப் போய் வேறு பிரிவில் சேர்ந்தவர்கள் ஆறுதல் அடையலாம்.)

கடற்படை அதிகாரியாக 1882-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மின்சாரக் கண்காட்சிக்கு வந்தார். டைனமோக்களையும் விளக்குகளையும் சோதிக்கும் குழுவில் செயலாளர் வேலை. அங்கே தினமும் போகவர சுரங்க ரயில். அப்போது அந்தச் சுரங்கத்தில் ஓடியது நிலக்கரி இன்ஜின்! மூடிய குகைக்குள் புகையும் கந்தகமும் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ரயிலை மின்சாரத்தில் ஓட்ட வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் உட்கார்ந்தது அந்தப் புகையில்தான்.

அடுத்த வருடம் கடற்படையை விட்டு எடிசனிடம் சேர்ந்தார். ஒரு ஊருக்கு மின்சாரம் கொடுக்க எவ்வளவு தடிமனில் கம்பி வேண்டும் என்று கண்டுபிடிக்க, எடிசன் கூடத்தில் அந்த ஊரின் மின்பாதையையே சின்ன மாடலாகச் செய்து அளந்து கொண்டிருந்தார்கள். ஸ்பிரேக் அதைக் காகிதத்தில் கணக்காகப் போட்டு முடித்தார். ஆனால் எடிசனுக்கு ஆர்வம் விளக்கில், இவருக்கு மோட்டாரில். ஒரே வருடத்தில் வெளியே வந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

ஆரம்பம் ஒன்றும் அமர்க்களமாக இல்லை. நியூயார்க் உயர்நிலை ரயிலைக் கையில் வைத்திருந்த பெரும் பணக்காரர் ஜே கூல்டு ஒருநாள் சோதனை ஓட்டத்தைப் பார்க்க வந்தார். ஸ்பிரேக் கொஞ்சம் வேகமாகக் கைப்பிடியைத் திருப்ப, கூல்டின் பக்கத்திலேயே ஃபியூஸ் பளீரென்று வெடித்தது. மனிதர் வண்டியிலிருந்து குதிக்கவே பார்த்தாராம். அதோடு அந்த வாய்ப்பு போயிற்று. டெமோ நாளில் புராஜெக்ட் காலை வாரிவிடுவது நமக்கு மட்டும் நடப்பதில்லை.

பிறகுதான் ரிச்மண்ட் நகரத்தின் டிராம் வேலை. 12 மைல் பாதை, 40 வண்டி, 90 நாள். ஒழுங்காக ஓடினால்தான் 1,10,000 டாலர். நடுவில் இவருக்கு டைஃபாய்டு வேறு. இருந்தாலும் 1888 பிப்ரவரியில் ஓட்டிக் காட்டினார். ஏறத்தாழ 75,000 டாலர் கைநஷ்டம், ஆனால் மற்ற ஊர்கள் வரிசையில் வந்து நின்றன. வருமானம் பெருகியபோது எடிசன் பெயரில் இருந்த கம்பெனி இவருடைய கம்பெனியை விழுங்கியது, கருவிகளிலிருந்து ஸ்பிரேக் என்ற பெயரும் கழற்றப்பட்டது. அது அவருக்குக் கடைசிவரை ஆறாத புண்.

அதன்பின் அவர் போனது லிஃப்ட் தொழிலுக்கு. நம்முடைய பெட்டிக் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. பல லிஃப்ட்களை ஒரே ஒரு சின்ன சுவிட்சிலிருந்து இயக்க முடியுமா என்று முயன்றுகொண்டிருந்தபோது, லிஃப்ட்டுக்கு முடிந்தால் ரயில் பெட்டிக்கு ஏன் முடியாது என்று தோன்றியது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அதுவரை ரயில் என்றால் முன்னால் ஒரு இன்ஜின், பின்னால் பெட்டிகள். பெட்டி கூடினால் இன்ஜினும் கனமாக வேண்டும். சக்கரம் வழுக்காமல் இழுக்க எடை தேவை அல்லவா? வேறு வழி, பல பெட்டிகளில் மோட்டார் வைப்பது. ஆனால் எல்லா மோட்டாருக்கும் போகும் மொத்த மின்சாரத்தையும் ஓட்டுநரின் கையருகே கொண்டுவந்து, அங்கிருந்து தடித்த கேபிளில் பெட்டி பெட்டியாக அனுப்பினால் அது ஓடும் தீப்பந்தம். ஸ்பிரேக் இரண்டையும் பிரித்தார். சக்தியை ஒவ்வொரு மோட்டார் பெட்டியும் பக்கத்திலிருக்கும் மூன்றாவது தண்டவாளத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றிலும் சொந்தமாக ஒரு கன்ட்ரோலர் இருக்கட்டும். ரயில் நெடுக ஓடும் மெல்லிய கம்பிகளில் போவது கட்டளை மட்டும். ஓட்டுநர் முன்பெட்டியில் ஒரு சின்னக் கைப்பிடியைத் திருப்பினால் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலக் கிளம்பும். நாம் ஏறும் சென்னை புறநகர் மின்சார ரயிலை இ.எம்.யூ. என்கிறோமே, அந்த எம்.யூ. என்ற இரண்டெழுத்து இதுதான். கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931-லேயே இந்த முறை வந்துவிட்டது.

இதை யாரும் நம்பவில்லை. 1897-இல் சிகாகோவின் சவுத் சைடு உயர்நிலை ரயில் கம்பெனி நீராவியை விட்டு மின்சாரத்துக்கு மாற நினைத்தது. ஆலோசனை சொல்லப் போனவர், 120 பெட்டிகளை நானே மாற்றித் தருகிறேன் என்று ஒப்பந்தம் கேட்டார். அப்போது கால் முறிந்து ஊன்றுகோலில் நடந்துகொண்டிருந்தார். கம்பெனி 1,00,000 டாலர் பிணைத்தொகை கேட்டது, ஜூலை நடுவில் ஆறு பெட்டிகளைச் சோதனைக்குத் தயாராகக் காட்டவும் சொன்னது. தோற்றால் பணமும் போகும், ரிச்மண்டில் சேர்த்த பேரும் போகும். கையெழுத்துப் போட்டார்.

அந்த ஜூலையில் ஸ்கெனெக்டடி நகரில் சோதனை நடந்தது. ரயிலை ஓட்டிக் காட்டியது யார் தெரியுமா? பத்து வயதை ஒட்டிய அவருடைய மகன். சின்னப் பையனின் கைக்கு அடங்குகிற விஷயம் என்று காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. இருந்தாலும் மறுவருடம் சிகாகோவில் முதலில் இறக்கிய 20 பெட்டிகளில் 17-ஐ, மின்தடைகள் பழுதாகித் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. ராத்திரி பகலாகச் சரிசெய்தார்கள். சில மாதங்களில் நீராவி இன்ஜின்கள் அந்தப் பாதையை விட்டே போயின.

இப்போது லண்டனுக்குத் திரும்புவோம். 1900-இல் திறந்த சென்ட்ரல் லண்டன் சுரங்க ரயில், 44 டன் எடையுள்ள மின்சார இன்ஜின்களால் இழுக்கப்பட்டது. அந்த எடையில் பெரும்பகுதி ஸ்பிரிங் மேல் உட்காராமல் நேராக அச்சில் இருந்தது. மேலே கட்டடங்கள் அதிர்ந்தன. சீப்சைடு தெருவில் வரைபடக்காரர்களால் நேர்கோடு போட முடியவில்லை என்று புகார்! (முதல் வருட டிராயிங் வகுப்பில் நமக்கு அப்படி ஒரு காரணம் கிடைக்காமல் போயிற்று.) விசாரணைக் குழு உட்கார்ந்தது, சில பெட்டிகளில் ஸ்பிரேக் முறையைப் பொருத்திப் பார்த்தார்கள். அதிர்வு குறைந்தது. 1903-இல் இன்ஜின்கள் ஓய்வுபெற, மோட்டார் பெட்டிகள் வந்தன.

ஒவ்வொரு மோட்டார் பெட்டிக்கும் சொந்தக் கன்ட்ரோலர் என்றோமே, அதை எங்கே வைப்பது? லண்டன் குழாய்ச் சுரங்கம் 12 அடி விட்டம்கூட இல்லை. பெட்டிக்கு அடியில் இடமில்லை. ஆகவே ஓட்டுநருக்குப் பின்னால் ஓர் அறை. அது சூடாகும், காற்று வேண்டும், அதனால் அந்தப் பட்டைகள்.

இதை வைத்து வயதையும் ஓரளவு சொல்லிவிடலாம். பட்டைகள் இருந்து, பெட்டியின் கடைசியில் திறந்த மேடையும் இரும்புக் கேட்டும் இருந்தால் அது ஆரம்பகாலப் பெட்டி. அந்தக் கேட்டைத் திறந்து மூட ஆள் நின்றிருப்பார். பட்டைகளோடு, காற்றழுத்தத்தில் ஓடும் கதவு பக்கவாட்டில் இருந்தால் பெரும்பாலும் 1923 முதல் 1934 வரை கட்டிய ஸ்டாண்டர்டு ரகம். பட்டையே இல்லாமல் ஓட்டுநர் அறையை ஒட்டியே ஜன்னல் தொடங்கினால் 1938 ரகமாக இருக்கலாம். கருவிகளைச் சுருக்கித் தரைக்கடியில் தள்ளி, அந்த இடத்தில் இருக்கை போட்டார்கள். மாடல் செய்கிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். 1938 மாடலில் பக்கவாட்டை அழகாகச் செய்துவிட்டு அடிப்பகுதியை மொட்டையாக விட்டால், ஸ்பிரேக்கின் கருவியையே தொலைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

பாரிஸ் கதை சோகமானது. 1903 ஆகஸ்டில் மெட்ரோவில் தீப்பிடித்து, முக்கியமாக குரோன் நிலையத்தில், 84 பேர் இறந்தார்கள். மரப்பெட்டிகள், ரயில் நெடுக முழு மின்சாரத்தையும் சுமந்த கேபிள்கள். ஸ்பிரேக் தவிர்க்க நினைத்தது சரியாக எதுவோ, அதுவே அங்கே நடந்தது. அதன்பிறகு பாரிஸும் கட்டளைக் கம்பி முறைக்கு மாறியது. 1908-இலிருந்து வந்த இரும்புப் பெட்டிகளுக்கு ஸ்பிரேக்-தாம்சன் என்றே பெயர். இரண்டாம் வகுப்பு பச்சை, முதல் வகுப்பு சிவப்பு.

ஸ்பிரேக்குக்கு 1910-இல் அமெரிக்க மின்பொறியாளர் சங்கம் ஒரு பதக்கம் கொடுத்தது. பதக்கத்தின் பெயர் எடிசன் பதக்கம்! வாங்கிக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டியும், ஒரே குழியில் இரண்டு லிஃப்ட் ஓட்டும் வேலையில் இருந்தார். 1934 அக்டோபரில் நியூயார்க்கில் இறந்து, ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கமானார். பாரிஸ்காரர்கள் 1983 வரை அவர் பெயருள்ள ரயிலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.