உளவியல் ஆய்வுக்கு வழிகோலிய கிரீந்திரசேகர் போஸ்

பட்டம் பெறுவதற்காக ஆய்வு செய்வோர் பலர். ஆய்வு செய்தமையால் பட்டம் பெற்றோர் சிலர். அச்சிலருள் ஒருவர், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியலுக்கென முதன்முதலாக முனைவர் நிலைப் பட்டம் பெற்ற கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். திருவண்ணாமலை நகரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து, உளவியலிலும் அதன் கிளையாகிய நிறுவன உளவியலிலும் ஆய்வு மேற்கொள்ள விழையும் இளைஞர்களுக்கு இப்பெரியாரின் வாழ்வை எடுத்துரைப்பது பயனுடைத்தென நாம் கருதுகின்றோம்.

தொழிற்சாலை, அலுவலகம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றில் மாந்தர் ஒருவரோடொருவர் சேர்ந்து உழைக்கும்போது அவர்தம் உள்ளம் இயங்கும் முறையை ஆராய்வதே நிறுவன உளவியல். ஊதியம் உயர்ந்தும் உழைப்பில் ஊக்கம் குறைவதேன்? ஒரு தலைவரின் சொல் கேட்கப்படுவதும் மற்றொருவரின் சொல் புறக்கணிக்கப்படுவதும் எதனால்? இவை போன்ற வினாக்களுக்கு அது விடை தேடுகின்றது. இத்துறை நம் நாட்டில் வேரூன்றிய வரலாறும் போஸின் வாழ்வும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

மருத்துவர் மாணவரானார்

போஸ் 1887ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர் தர்பங்கா மன்னரிடம் திவானாகப் பணியாற்றியவர். தமையனார் இராசசேகர் போஸ் பின்னாளில் வங்காள நகைச்சுவை இலக்கியத்தில் பெரும்புகழ் எய்தினார். கிரீந்திரசேகர் 1910இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று மருத்துவத் தொழிலில் இறங்கினார். இளமை தொட்டே மாயவித்தையிலும் அறிதுயிலிலும் நாட்டமுடைய அவர், மருந்துக்குக் கட்டுப்படாத துன்பங்கள் பல உள்ளத்தில் வேர் கொண்டிருப்பதைத் தம் நோயாளிகளிடம் கண்டார். பிராய்டின் நூல்கள் ஆங்கிலத்தில் அருகியே கிடைத்த காலம் அது. ஆசான் ஒருவரின் நேரடித் துணையின்றித் தாமே முயன்று உளப்பகுப்பாய்வைப் பயின்றார்.

1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தனியே தோன்றியது. அதற்குத் தலைமையேற்ற நரேந்திரநாத் சென்குப்தா, அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஊகோ மன்ஸ்டர்பர்க்கிடம் பயின்றவர். அந்த மன்ஸ்டர்பர்க்கே தொழிலக உளவியலின் மூலவர்களுள் ஒருவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மருத்துவத் தொழிலில் நிலைபெற்றிருந்த போஸ், முப்பது வயதை எட்டும் பருவத்தில் மீண்டும் மாணவராக அமர்ந்து, 1917இல் உளவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின்னர் அத்துறையிலேயே விரிவுரையாளரானார். பகலில் வகுப்பும் நோயாளியரும், எஞ்சிய நேரத்தில் ஆய்வும் என அவர் நாள்கள் கழிந்தன.

ஆய்வேடும் அதன் கருத்தும்

உள்ளத்தில் எழும் விருப்பங்கள் அமுக்கப்படுவது எங்ஙனம் என்பதே அவர்தம் ஆய்வுப் பொருள். ஒவ்வொரு விருப்பத்தோடும் அதற்கு நேர்மாறான விருப்பமும் உடன் பிறக்கின்றது. ஒன்று மேலெழும்போது மற்றொன்று உள்ளே அமுங்குகின்றது என்பது அவர் கண்ட முடிபு. பிறரை அடிக்க விரும்புவோன் உள்ளத்தின் ஆழத்தில் தான் அடிபடும் விருப்பமும் மறைந்துள்ளது என அவர் விளக்கினார். இவ்வாய்வுக்காக 1921இல் அறிவியல் முனைவர் பட்டம் அவருக்கு வழங்கப்பெற்றது.

நூல் வடிவம் பெற்ற அவ்வாய்வை வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பினார். தம் கருத்துகள் அத்துணைத் தொலைவிலுள்ள நாட்டில் இவ்வளவு ஆழமாகக் கற்கப்படுவது கண்டு பிராய்டு வியந்து மகிழ்ந்தார். அன்று தொடங்கிய கடிதத் தொடர்பு 1937 வரை நீடித்தது; இருவரும் நேரிற் சந்தித்ததே இல்லை. 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் போஸின் தலைமையில் தோன்றியது.

பிராய்டைப் போற்றிய போஸ் அவரை அப்படியே பின்பற்றினாரல்லர். தந்தைக்கும் மகனுக்கும் இடையேயான உறவு குறித்த பிராய்டின் கோட்பாடு, தம்மிடம் வந்த இந்திய நோயாளிகளிடம் அவ்வாறே பொருந்தவில்லை என்பதை அவருக்கே எழுதினார். அவ்வாறு மறுத்தவரே, பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்காக 1931இல் தந்தத்தாலான திருமால் சிலையொன்று கழகத்தின் சார்பில் அனுப்பப்பெறவும் வழிசெய்தார். ஆசானிடம் அன்பு குறையாமலும், கண்ட உண்மையை மறைக்காமலும் மாறுபடுவது எப்படி என்பதை ஆய்வு மாணவர் இவரிடம் கற்றல் வேண்டும்.

ஏட்டிலிருந்து பணிக்கு

1929 முதல் உளவியல் துறையின் தலைமை போஸிடம் வந்தது. 1933இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1940இல் தமையனார் ஈந்த இடத்தில் லும்பினி பூங்கா மனநல மருத்துவமனை எழுந்தது.

இவற்றிற்கு இடையே 1938இல் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் பயன்முறை உளவியற் பிரிவு தோன்றியது. கல்வியிலும் தொழிலிலும் உளவியலைப் பயன்கொள்ளும் வழி இதனால் அகன்றது. அவ்வாண்டு சனவரியில் கல்கத்தாவில் நிகழ்ந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்கு யுங், இசுபியர்மன், மையர்சு ஆகிய மூவரும் வந்திருந்தனர். இவர்களுள் மையர்சு, 1921இல் இலண்டனில் தொழிலக உளவியலுக்கெனத் தேசிய நிறுவனம் கண்டவர். போஸ் முனைவரானதும் அதே ஆண்டில்தான்.

யுங் அப்பயணத்தில் சென்னை வரை வந்தும் திருவண்ணாமலைக்கு வந்து இரமணரைக் காணவில்லை. ஆயினும் இரமணரைப் பற்றிச் சிம்மர் எழுதிய நூலுக்குப் பின்னாளில் முன்னுரை வரைந்தார். அருணை நகரின் வாயிலுக்கு அருகே வந்து திரும்பிய அவ்வறிவியலை, இவ்வூர்ப் பிள்ளைகளே இனி அழைத்து வருதல் கூடும்.

ஆய்வுக்களம் அருகிலேயே

ஆய்வுப் பொருளைத் தொலைவில் தேட வேண்டுவதில்லை. போஸ் தம்மை நாடி வந்த நோயாளியரிடமே தம் வினாவைக் கண்டெடுத்தார். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் பட்டுத்தறிகளும் அரிசி ஆலைகளும் உள்ளன. தறி நெய்வோருக்கும் அவர்க்குப் பாவும் ஊடையும் தந்து கூலி கொடுப்போருக்கும் இடையே நம்பிக்கை வளர்வதும் முறிவதும் எவ்வாறு? கார்த்திகைத் தீபத்தன்று இலக்கக்கணக்கானோர் திரளும் வேளையில், முன்பின் அறியாத தொண்டர்கள் ஓரணியாக இயங்குவது எங்ஙனம்? ஆணையிடுவோர் உள்ளத்தில் ஆணையேற்கும் விருப்பமும் உறைகின்றதா என்னும் போஸின் வினாவை ஓர் ஆலையின் மேற்பார்வையாளரிடம் பொருத்திப் பார்த்தால் என்ன தோன்றும்? இவை ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்ட ஆய்வுக்கு உரிய களமே.

இத்தகைய ஆய்வு எளிதன்று. ஆண்டுகள் பல கழியும். உடன் படித்தோர் ஊதியம் ஈட்டுவர். வீட்டிலும் வினாக்கள் எழும். பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் அக்காலத்தில் மாணவர்க்கு, சிறப்பாக மாணவியர்க்கு, தோள்கொடுத்து நிற்றல் வேண்டும். புத்தகமும் பயணச் செலவும் பொறுமையும் அளிப்பதும் கல்விக்கொடையே ஆகும்.

1953ஆம் ஆண்டு சூன் திங்கள் 3ஆம் நாள் போஸ் மறைந்தார். உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை இறுதிவரை அவரே தாங்கினார். உள்ளத்தின் நோயை நாணத்தோடு மறைத்த மக்களிடையே, அதனை மருத்துவமனையின் வாயிலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியது அவர்தம் ஆய்வு. மாணவர்கள் தாம் எடுக்கும் தலைப்பு எவருடைய துயரைத் தணிக்கும் என்பதை முதற்கண் தம்மைத் தாமே வினவிக்கொள்ளட்டும். அதற்கு விடை கிடைத்தபின் பல்கலைக்கழகத்தின் படிவத்தை நிரப்பலாம்.