கொங்குநாட்டு எந்திரச் செம்மல் ஜி. டி. நாயுடு

நொய்யற்கரையில் விளங்கும் திருப்பூர் மாநகர், முன்னாளிற் பருத்திச் சந்தையாலும் இந்நாளிற் பின்னலாடை யேற்றுமதியாலும் உலகறியப் பெயர் பெற்றது. அந்நகரத்தும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வளரும் எம்மனைய இளைஞர் நெஞ்சைக் கவர்ந்து நிற்கும் பொருள்களுள் ஒன்று, ஜப்பான் தேயத்து விரைவுக் கார்களாம். நிஸ்ஸான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, மாஸ்டா ஆர்.எக்ஸ். 7 என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தே கண் மலராத மாணவர் சிலரேயாவர். இவற்றைப் பற்றிப் பேசுமிடத்தெல்லாம் ஒரு வினா உடனெழும்: இத்தகைய வண்டி நம் நாட்டுச் சாலையில் ஓடச் சட்டம் இடந்தருமோ என்பதே அது. இவ்வினாவை ஆராயப் புகுந்த யாம், எந்திரத்தின்மேல் எம்மினும் மிக்க காதல் கொண்டு, சட்டத்தின் தடையையும் நேரே கண்ட ஒருவரது சரிதத்தை யறிதல் நலமென்று கண்டேம். அவர்தாம் கோபாலசாமி துரைசாமி நாயுடு ஆவர்.

நாயுடு அவர்கள் கோயமுத்தூரை யடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடியொன்றில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23-ஆம் நாள் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வந்திலது; கல்வியைப் பெரிதும் தாமே தேடிக்கொண்டார். ஒருநாள் தம்மூர்ப்பக்கம் வந்த ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றித் தானே ஓடும் அவ்வண்டி அவருள்ளத்தைப் பற்றிக்கொண்டது. உடனே ஊரை விட்டுக் கோயமுத்தூர் சேர்ந்து, உணவு விடுதியொன்றிற் பரிமாறும் வேலையில் அமர்ந்து, காசுக்குக் காசு சேர்த்து, முந்நூறு ரூபாய் கொடுத்து அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதன்மேலேறித் தெருத்தோறும் உலாவி மகிழ்ந்ததோடு அமைந்தாரல்லர். அதனை உறுப்புறுப்பாகக் கழற்றி, ஒவ்வொன்றின் தொழிலையும் அறிந்து, மீளப் பூட்டினார். அவர் பின்னாளிற் செய்தனவெல்லாம் அன்று கழற்றிய அவ்வண்டியினின்றும் பிறந்தன என்னலாம்.

முதல் உலகப்போர்க் காலத்து அவர் திருப்பூருக்கு வந்து, பருத்தியரைக்கும் தொழிலிற் புகுந்தார். பஞ்சின் விலை ஏறியது, செல்வமும் ஏறியது. அச்செல்வத்தோடு பம்பாய்ப் பருத்தி வாணிகத்தில் இறங்கி, அனைத்தையும் இழந்து, வெறுங்கையராய்த் திரும்பினார். விரைவில் வந்த பொருள் விரைவிற் போதலை நம் வட்டாரத்தார் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்விழப்பினால் மனம் உடையாமையே நாயுடுவின் பெருமையாம்.

அப்பொழுது அவருக்குக் கைகொடுத்தவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. இவர் 1862-ஆம் ஆண்டிற் கோயமுத்தூரிற் பள்ளிக்கூடம் நிறுவிய கிறிஸ்தவப் பெருந்தகை. எண்ணாயிரம் ரூபாய் விலையுள்ள பஸ் ஒன்றை வாங்குதற்கு நாலாயிரம் ரூபாயை அவர் கடனாக உதவினார். ஈடு காட்ட இயலாத ஓர் இளைஞனது கையின் திறமையை ஈடாகக் கொண்டு கொடுத்த கடன் அது. தாலந்து உவமையை அறிந்த எமக்கு அச்செயலின் அருமை நன்கு விளங்குகின்றது. 1920-ஆம் ஆண்டில் அந்தப் பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது; நாயுடுவே அதனை ஓட்டினார். ஒரு வண்டி பலவாயிற்று. யு.எம்.எஸ். என்னும் அவரது நிறுவனத்தின் பஸ்கள் சில ஆண்டுகளிற் கொங்குநாடெங்கும் ஓடின. குறித்த நேரத்திற் புறப்படுதலும் குறித்த நேரத்திற் சேர்தலும் அவற்றின் நெறியாயின.

அவர் பலமுறை மேனாடுகளுக்குச் சென்று, ஆங்காங்குள்ள தொழிற்சாலைகளைக் கண்டு மீண்டார். கண்டவற்றைப் போலவும் அவற்றினும் எளியனவாகவும் ஈண்டே செய்ய முயன்றார். உலர்ந்த மின்கலத்தால் இயங்கும் முகச்சவரக் கருவி, மண்ணெண்ணெயால் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் பொறி, வாக்குப் பதியும் எந்திரம் என அவர் ஆக்கியவை பலவாம். 1937-ஆம் ஆண்டில் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு கூடி அவர் வெளிக்கொணர்ந்த மின்மோட்டார், இந்தியாவில் முதன்முதற் செய்யப்பட்டதென்று போற்றப்படுகின்றது. 1945-ஆம் ஆண்டிற் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்லூரி தோன்றுதற்கும் அவரே காரணராயினார். பொறியியற் கல்விக்கு நான்காண்டு வேண்டுவதில்லை, இரண்டாண்டே சாலும் என்பது அவர் கொள்கை. அது ஏற்கப்படாமையால் அப்பொறுப்பினின்றும் விலகினார்.

இனி யாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு மிகவும் அணுக்கமான செய்தியைக் கூறுவாம். 1952-ஆம் ஆண்டில் நாயுடு அவர்கள் இருவர் அமரத்தக்க பெட்ரோல் கார் ஒன்றை ஆக்கினார். அதன் விலை இரண்டாயிரம் ரூபாயே. எளிய குடும்பத்தாரும் கார் வாங்கும் காலம் வந்ததென்று பலர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் அதனைத் தொழிற்சாலையிற் பெருக்கிச் செய்தற்கு அரசாங்கம் உரிமம் வழங்கிற்றில்லை. அக்கார் அம்மட்டில் நின்றுவிட்டது. முப்பதாண்டுக் காலம் சாலையிலும் பட்டறையிலும் உழைத்துக் கண்ட கனவு, ஒரு கையொப்பமின்மையால் முடிந்தது.

இதனோடு ஜப்பான் நாட்டு வரலாற்றை ஒப்பிடுதல் தகும். அந்நாட்டுக் கார்களுள் சில நம்மூரைப் போன்ற நெசவுத்தொழிலினின்றே தோன்றின என்பதைப் பலர் அறியார். சுஸுகி நிறுவனம் 1909-ஆம் ஆண்டில் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கிற்று. டொயோட்டாவோ தானியங்கித் தறி கண்ட சகிச்சி டொயோடாவின் தொழிற்சாலையிற் கருக்கொண்டு, அவர் மைந்தர் கிச்சிரோவின் முயற்சியால் 1937-இற் கார் நிறுவனமாயிற்று. கொல்லர் மகனாகிய சோயிச்சிரோ ஹோண்டாவின் கதை நாயுடுவின் கதைக்கு இன்னும் அணுக்கமானது. 1961-ஆம் ஆண்டளவில் அந்நாட்டு அரசாங்கமும் புதியவர் கார்த்தொழிலிற் புகுதலைத் தடுக்கச் சட்டமொன்றை எண்ணிற்று. ஹோண்டா அதனை எதிர்த்து வழக்காடியதோடு, தம் முதற் சிறு லாரியையும் எஸ். 500 என்னும் விரைவுக் காரையும் 1963-இல் வெளியிட்டார். அம்மசோதா சட்டமாகாமலே ஒழிந்தது. ஒரு நாட்டிற் கதவு மூடப்பட்டது. மற்றொரு நாட்டில் மூடப்படவிருந்த கதவு திறந்தே நின்றது. இன்று யாம் ஏங்கி நோக்கும் ஜப்பானியக் கார், நம் மண்ணிற் பிறந்தும் வளரப்பெறாத ஒன்றற்கு உடன்பிறப்பன்றோ?

இற்றைநாட் சட்டம் யாது கூறுகின்றது? பழைய கார் ஒன்றை வெளிநாட்டினின்று கொணர்வார்க்கு, அது செய்யப்பட்டு மூன்றாண்டுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். ஓட்டுவோன் இருக்கை வலப்புறம் அமைதல் வேண்டும். மும்பைத் துறைமுகத்தின் வழியே வருதல் வேண்டும். கடுஞ்சுங்கமும் செலுத்தல் வேண்டும். ஸ்கைலைன் ஆர். 34, நான்காந் தலைமுறைச் சுப்ரா, ஆர்.எக்ஸ். 7 ஆகிய மூன்றும் 2002-ஆம் ஆண்டோடு செய்யப்படாது நின்றன. ஆகவே 2005-க்குப் பின்னர் அவற்றுள் ஒன்றும் இப்பொதுவிதிப்படி நம் சாலைக்குப் புதிதாக வருதற்கு வழியின்று. இதனையறிந்த சிலர், காரை இருகூறாக அறுத்து உதிரிப்பாகமென்று கொணர்ந்து ஈண்டு ஒட்டுதலும், வேறொரு வண்டியின் எண்ணைப் பூட்டுதலும் செய்கின்றனர். பூட்டானின் வழியாகக் கள்ளத்தனமாய் வந்தனவென்று ஐயுற்ற கார்களை 2025 செப்டம்பரிற் சுங்கத்துறையார் கேரளத்திற் கைப்பற்றினர். செய்தவன் அமைத்த உருவை மாற்றி வண்டியைப் பதிவு செய்தலாகாதென்று உச்சநீதிமன்றமும் 2019-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது.

உரிமம் மறுக்கப்பட்ட நாயுடு செய்தாற்போன்ற காரையே சட்டம் தடுத்ததாயின், அச்சட்டத்தை மீறுதலிற் பிழையென்னை யென்று எம் நண்பர் சிலர் வினவுவர். அவ்வினா எம்மையும் சிறிது மயக்கியதுண்டு. ஆராயுங்கால் இரண்டும் ஒன்றல்ல என்பது புலனாகின்றது. ஆக்குவோனைத் தடுத்த விதியால் நாடு இழந்தது பெரிது. அதனை எடுத்துக்கூறி மாற்ற முயலுதல் குடிமக்கள் கடன். அறுத்து ஒட்டிய வண்டியையோ, அவிநாசிச் சாலையிற் பனியன் கம்பெனிப் பணி முடிந்து இரவில் நடந்து செல்லும் பெண்ணொருத்தி நம்பியே கடந்து செல்கின்றாள். அதன் ஒட்டு விடுமாயின் இழப்பவள் அவளே. அவளைக் காக்கும் விதியை உரிமத் தடையோடு ஒருதட்டில் வைத்தல் நேர்மையன்று.

நாயுடு அவர்கள் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார். கோயமுத்தூர் அவிநாசிச் சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜிடீ கார் அருங்காட்சியகத்திற் பல தேயத்துக் கார்களும் காட்சிக்கு நிற்கின்றன. திருப்பூரினின்று அச்சாலைவழியே செல்வது சிறு பொழுதே. எந்திரக் காதலுடைய எம் தோழர், ஒரு விடுமுறை நாளில் ஆங்குச் சென்று காண்பாராக. கண்டு மீளுங்கால், விலைக்கு வாங்கத்தக்கது யாது என்பதை விடுத்து, கழற்றிக் கற்கத்தக்கது யாது என்று எண்ணுவாராயின், முந்நூறு ரூபாய்க்கு மோட்டார் சைக்கிள் வாங்கிய அவ்விளைஞரின் உழைப்பு நம்மிடத்தும் தொடர்வதாகும்.