செஞ்சிலுவை தந்த செம்மல் ஹென்றி டூனாண்ட்

போர் என்றதும் வென்ற மன்னரின் பெயரும் தோற்ற மன்னரின் பெயரும் நம் நினைவுக்கு வருகின்றன. களத்தில் அடிபட்டு வீழ்ந்த எளிய போர்வீரனை நினைப்பவர் சிலரே. அவ்வீரனுக்காக இரங்கியதோடு நில்லாமல், அவனைக் காக்க உலக நாடுகளையே ஒன்றுகூட்ட உழைத்த பெருமகனார் ஹென்றி டூனாண்ட் ஆவார்.

இவர் 1828 ஆம் ஆண்டு மே மாதம் 8 ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் ஏழைகளுக்கும் அனாதைகளுக்கும் உதவுவதைத் தம் கடமையாகக் கொண்டிருந்தனர். படிப்பில் டூனாண்ட் சிறந்து விளங்கவில்லை. பள்ளியை இடையிலேயே விட்டு, வங்கித் தொழில் பயின்றார். பின்னர் அல்ஜீரியாவில் நிலம் பெற்று வாணிகம் தொடங்கினார். அங்கே தண்ணீர் உரிமை கிடைப்பதில் சிக்கல் எழுந்தது. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனை நேரில் கண்டு முறையிட எண்ணி, அவர் படையுடன் தங்கியிருந்த வட இத்தாலிக்குப் புறப்பட்டார்.

1859 ஆம் ஆண்டு ஜூன் 24 ஆம் நாள் மாலை, சோல்பெரினோ போர்க்களத்தை அடுத்த காஸ்டிலியோனே என்னும் சிற்றூரை அவர் அடைந்தார். அன்று பிரான்சு, சார்டினியா படைகளும் ஆஸ்திரியப் படையும் அங்கே மோதியிருந்தன. ஏறத்தாழ 40,000 வீரர்கள் மாண்டும் காயமுற்றும் கிடந்தனர். மருத்துவர்களோ மிகச் சிலர். தண்ணீர் கேட்டுத் துடித்தவர்க்குத் தண்ணீர் தரவும் ஆளில்லை.

வந்த காரியத்தை டூனாண்ட் மறந்தார். ஊர்ப் பெண்களைத் திரட்டினார். தேவாலயத்தையே மருத்துவமனை ஆக்கினார். கட்டுத்துணியும் உணவும் தம் செலவில் வாங்கி வரச் செய்தார். நம்மவன், பகைவன் என்ற வேறுபாடு பாராமல் அனைவரையும் உடன்பிறந்தாராகவே அப்பெண்கள் பேணினர். சிறைப்பட்டிருந்த ஆஸ்திரிய மருத்துவர்களையும் விடுவிக்கச் செய்து, அப்பணியில் டூனாண்ட் ஈடுபடுத்தினார்.

ஊர் திரும்பிய பின்னும் அக்காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1862 இல் அதை ஒரு நூலாக எழுதி, 1,600 படிகள் தம் செலவில் அச்சிட்டுப் பல நாட்டுத் தலைவர்களுக்கு அனுப்பினார். அமைதிக் காலத்திலேயே தொண்டர் சங்கங்கள் அமைக்க வேண்டும். காயமுற்றோரையும் மருத்துவரையும் தாக்காதிருக்க நாடுகள் உடன்படிக்கை செய்ய வேண்டும். இவ்விரண்டும் அந்நூலின் வேண்டுகோள். 1863 இல் ஜெனீவாவில் ஐவர் குழு அமைந்தது. 1864 ஆகஸ்டு 22 ஆம் நாள் 12 நாடுகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. வெண்ணிறத் துணியில் சிவப்புச் சிலுவை, காக்கும் சின்னமாயிற்று.

ஆனால் விதி அவரை விடவில்லை. தம் வாணிகத்தைக் கவனியாமல் விட்டதால் 1867 இல் டூனாண்ட் நொடித்துப் போனார். கடன்காரர் பலர் பணத்தை இழந்தனர். ஜெனீவா மக்கள் அவரை வெறுத்தனர். அவர் உருவாக்கிய குழுவே அவரை விலக்கியது. சங்கம் நாடுதோறும் வளர்ந்தது. அதற்கு வித்திட்டவரோ ஊர் ஊராக அலைந்தார். உண்ண உணவின்றிப் பாரிசு நகர வீதிகளில் திரிந்த நாள்களும் உண்டு. இறுதியில் ஹைடன் என்னும் மலையூரில் தங்கினார். 1892 முதல் அவ்வூர் மருத்துவமனையின் ஓர் அறையே அவர் இல்லமாயிற்று.

1895 இல் ஒரு செய்தியாளர் அவரைக் கண்டு எழுதிய பின்னரே, டூனாண்ட் உயிரோடிருப்பதை உலகம் அறிந்தது. 1901 இல் முதன்முதலாக வழங்கப்பட்ட அமைதிக்கான நோபல் பரிசை பிரெடெரிக் பாசியுடன் அவர் பகிர்ந்து பெற்றார். அப்பணத்தைத் தம் சுகத்திற்கு அவர் செலவிடவில்லை. 1910 அக்டோபர் 30 ஆம் நாள் இயற்கை எய்தினார். ஹைடன் மருத்துவமனையில் ஏழைகளுக்கென என்றும் ஒரு கட்டில் இலவசமாக இருக்க வேண்டுமென விருப்பாவணத்தில் வழி செய்திருந்தார்.

அவர் பிறந்த மே 8 ஆம் நாளே இன்று உலகச் செஞ்சிலுவை, செம்பிறை நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் மலேசியச் சங்கம் 1975 முதல் செம்பிறைச் சங்கம் எனப் பெயர் பெற்றுள்ளது.

மாணவச் செல்வங்களே! டூனாண்ட் மருத்துவர் அல்லர், படைத்தலைவரும் அல்லர். துன்புறுவோரைக் கண்டும் காணாமல் போக மனமில்லாத ஒரு வழிப்போக்கர். முதலுதவி கற்போம், அடிபட்டவர் யாராயினும் ஓடிச்சென்று உதவுவோம். அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.