போத்தனூர் அம்மாவின் பிள்ளை

நம்ம ராயபுரத்திலிருந்து 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை விட்டது மெட்ராஸ் ரயில்வே. அந்தக் கம்பெனியில் பின்னாளில் தலைமைப் பொறியாளராக இருந்தவர் எட்வர்ட் வாலர் ஸ்டோனி. அவர் மகள் எத்தல் சாரா பிறந்தது கோயம்புத்தூர் பக்கம் போத்தனூரில். அந்த அம்மாவின் இளைய மகன்தான் கணிப்பொறி மேதை ஆலன் டூரிங். அப்பா ஜூலியஸ் மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்த ஆலன், சின்ன வயசில் பெரும்பாலும் பிறர் வீட்டில்தான் வளர்ந்தார்.

1936-ல் கேம்பிரிட்ஜிலிருந்து அவர் ஒரு கட்டுரை அனுப்பினார். அப்போது வயது 23. கட்டம் கட்டமாக நீளும் ஒரு நாடா, ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும் எந்திரம். இரும்பில் செய்ததல்ல, காகிதத்தில் மட்டும்தான். கணக்குப் போடுகிற ஆள் பாதியில் எழுந்து போனால், மறுபடி தொடர என்ன குறிப்பு வேண்டும் என்று யோசித்தார். நாடாவில் என்ன இருக்கு, எந்தக் கட்டத்தில் நிற்கிறோம், எந்த நிலையில் இருக்கிறோம். மூன்றையும் ஒரே வரியில் எழுதலாம். 10க11 என்றால், எந்திரம் 'க' நிலையில், அதற்கு வலப்பக்கம் உள்ள 1-ஐப் பார்க்கிறது.

வகுப்பில் இது எனக்கு ஏறவே இல்லை. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போனபோதுதான் ஏறியது. ஷிப்ட் மாறும் நேரம். எந்தத் தொட்டி, என்ன சரக்கு எல்லாம் ரிஜிஸ்டரில் இருந்தது. இரண்டாவது மூட்டை கொட்டியாச்சா என்பது மட்டும் இல்லை. தொட்டியைப் பார்த்தால் தெரியாது. கொட்டச் சொன்னார்கள், கொட்டினேன். ஏற்கெனவே கொட்டியிருந்தார்களாம்! சரக்கு முழுக்க வீண். திட்டு எனக்குத்தான். விட்டுப்போனது அந்த 'க'.

அந்த வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு வரிகளில் 'க'வைச் சுற்றி மட்டும்தான் மாற்றம் இருக்கும். இந்தக் குணத்தை வைத்துத்தான் ஸ்டீபன் குக் 1971-ல் எந்திரத்தின் ஓட்டம் முழுவதையும் ஆம்-இல்லை வாக்கியங்களாக மாற்றிக் காட்டினார். எந்தக் கணக்கு சுலபம், எது கஷ்டம் என்று ஆராயும் துறைக்கே அது அஸ்திவாரம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைக்க உதவினார் டூரிங். அதே நாடு, ஆணோடு உறவு வைத்தார் என்று 1952-ல் அவருக்குத் தண்டனை கொடுத்து, ஹார்மோன் மருந்தும் ஏற்றியது. 1954 ஜூன் 7-ல் சயனைடு விஷத்தால் இறந்தார், 41 வயசு. அரச மன்னிப்பு வந்தது 2013-ல். எனக்கு அதைப் படித்துக் கோபம்தான் வந்தது.

அவர் வாழ்க்கையை 1959-ல் புத்தகமாகக் கொண்டுவந்தவர் அந்தப் போத்தனூர் அம்மாதான்.