ரோசாப்பூத் துரையும் வைக்கம் வீதியும்

துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். மதுரை வட்டாரத்தில் 'ரோசாப்பூத் துரை' என்று பெயர் பெற்ற பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் செங்கன்னூரில் 1887ஆம் ஆண்டு ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கோட்டில் எப்போதும் ஒரு ரோஜாப்பூ இருக்கும். அதனால் வந்த பெயர்.

எடின்பரோவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர், மதுரையில் வக்கீல் தொழில் நடத்தினார். 1919ல் மதுரைக்கு வந்த காந்தியடிகள் தங்கியது இவர் வீட்டில்தான். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியதும் தொழிலைத் துறந்து அலகாபாத் சென்றார். அங்கே மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்து சிறை சென்றார். பின்னர் காந்தியடிகள் சிறையில் இருந்தபோது 'யங் இந்தியா'வையும் கவனித்துக்கொண்டார். அதுவரை அவருடைய மதம் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை.

1924ல் வைக்கத்தில் நின்றது. அங்குள்ள கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. கிறிஸ்தவரும் முஸ்லிமும் நடக்கலாம்! ஆகவே ஜோசப் தாராளமாக அந்த வீதியில் உலாவியிருக்கலாம். தமக்குத் திறந்திருந்த வீதி மற்றவர்களுக்கு மூடியிருந்ததே என்றுதான் அவர் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார். முன்னணித் தலைவர்கள் கைதானதும் பொறுப்பை ஏற்று, ஏப்ரல் மாதத்திலேயே தாமும் சிறை புகுந்தார்.

அந்தச் சமயத்தில்தான் காந்தியடிகளின் கடிதம் வந்தது. தீண்டாமை இந்துக்கள் செய்த பாவம், பிராயச்சித்தமும் அவர்களே செய்யட்டும், ஜோசப் ஒதுங்கியிருப்பதே நல்லது என்பது அதன் கருத்து. பொது வீதியில் நடப்பது குடிமக்கள் எல்லோருடைய உரிமை, இதில் மதம் எங்கே வந்தது என்பது ஜோசப்பின் கட்சி. காரியம் மதச் சண்டையாகிவிடக் கூடாதே என்ற காந்தியடிகளின் கவலையைத் தள்ளிவிட முடியாதுதான். ஆனாலும், பிறர் துன்பத்துக்காகச் சிறை போன ஒருவரிடம் நீ வேறு மதம் என்று சொன்னால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இருவருக்கும் இருந்த நெருக்கம் அதன்பின் குறைந்தது.

ஜோசப் மீண்டும் மதுரைக்கே வந்து வக்கீல் தொழிலைத் தொடர்ந்தார்.

மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டம் வாட்டிக்கொண்டிருந்தது. மக்கள் வாயில் அது 'ரேகைச் சட்டம்'. கைரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் காவலில் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ந் தேதி போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர். இந்த மக்களுக்காக எழுதியும், கோர்ட்டில் வாதாடியும் வந்தவர் ஜோசப். கள்ளர்களும் இந்துக்கள்தான். கிறிஸ்தவருக்கு இங்கே என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள்.

மத்திய சட்டசபை உறுப்பினராக இருந்தபோதே, 1938 மார்ச் மாதம் மதுரையில் அவர் காலமானார். வயது ஐம்பதுதான். ரேகைச் சட்டம் நீங்கியது 1947ல்.